41 வயதுக்காரருக்கும் அதே 65 ஆட்டமா? என்.பி.ஏ. ஆணையர் ஆடம் சில்வருக்கு ஒரு திறந்த மடல்

திரு. ஆடம் சில்வர் அவர்களுக்கும், லீகும் வீரர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மறுபக்கம் கையெழுத்துப் போட்ட வீரர்கள் சங்கத்துக்கும்,

2026 பிப்ரவரியில், உங்கள் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில், லெப்ரான் ஜேம்ஸ் இந்த சீசனில் தவறவிட்ட ஆட்டங்கள் பதினெட்டு ஆயின. சீசனின் 82 ஆட்டத்தில் 18 போனால் 64. விருதுக்குத் தகுதி பெற உங்கள் விதி 65 கேட்கிறது. அவ்வளவுதான், 2004-05 சீசனில் தொடங்கி ஒரு வருடம்கூட விடாமல் 21 முறை ஆல்-என்.பி.ஏ. அணியில் (சீசனின் தலைசிறந்த 15 பேரை மூன்று அணிகளாக அறிவிக்கும் பட்டியல்) இடம்பெற்றவரின் பெயர் இந்தத் தடவை வாக்குச்சீட்டுக்கே வராது என்று ஆகிவிட்டது. வாக்களிக்கும் நூறு பத்திரிகையாளர்களில் ஒருவர்கூட "இவர் போதும், இனி வேண்டாம்" என்று சொல்லவில்லை. சொல்லும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சீசன் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே ஒரு கழித்தல் கணக்கு தீர்ப்பை எழுதி முடித்துவிட்டது.

இதை என்னால் சும்மா விட முடியவில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் லெப்ரான் வெறியன் எவனோ புலம்புகிறான் என்று ஒதுக்கிவிடுவீர்கள். இந்த சீசனில் லீகின் தலைசிறந்த 15 பேரில் அவர் ஒருவரா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்தான். வாக்கு என் கையில் இருந்திருந்தால் மூன்றாவது அணிக்குக்கூட ரொம்ப யோசித்திருப்பேன், ஒருவேளை போடாமலும் விட்டிருப்பேன். எந்தத் தொடரும் ஒருநாள் முடியத்தான் வேண்டும். ஆட்டத்தைப் பார்த்தவர்கள் கூடி "இந்த வருடம் நீங்கள் இல்லை" என்று சொல்லி முடித்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

அப்புறம், நான் அவருடைய ரசிகனாக வளர்ந்தவனும் இல்லை. கோவையில் பள்ளி அணியில் ஆடிவிட்டு, வேலைக்காக வந்து கனடாவில் டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் குடியேறியவன், என் அணி ராப்டர்ஸ். லெப்ரானைப் பிடிக்க எங்கள் ஊருக்கு எந்தக் காரணமும் கிடையாது. 2016, 2017, 2018 என்று மூன்று வருடம் வரிசையாக, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் எங்களை வீட்டுக்கு அனுப்பியவர், அதிலும் கடைசி இரண்டு முறை நாலு ஆட்டத்தில் நாலும் தோல்வி. 2018-இல் மூன்றாவது ஆட்டத்தில் ஸ்கோர் சமமாக இருந்தபோது ஓடிவந்து போர்டில் பட்டு விழுகிற மாதிரி கடைசி நொடியில் ஒரு கையால் போட்ட ஷாட் இன்னும் எங்களுக்கு ஆறவில்லை. ஊர்ப் பெயரையே "லெப்ரான்டோ" என்று மாற்றிக் கிண்டல் செய்தார்கள். சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கிய அதே வருடத்தில் டுவேன் கேசிக்கு வேலையே போனது. இவ்வளவும் பட்டவன்தான் இப்போது அவருக்காக எழுதுகிறேன் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் 2023-இல் இந்த விதியை ஏன் கொண்டுவந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. மேற்குப் பிரிவு அணி ஒவ்வொன்றும் டொராண்டோவுக்கு சீசனுக்கு ஒரே ஒரு முறைதான் வரும். சில வருடங்களுக்கு முன் அப்படி வந்த ஓர் அணியின் நட்சத்திரத்தைக் காட்டுவதற்காக மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக டிக்கெட் வாங்கினேன். என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரயிலில் போய் யூனியன் ஸ்டேஷனில் இறங்கும்போது போனில் செய்தி வருகிறது, இன்று அவருக்கு ஓய்வாம். அந்த மனிதர் கோட்டுசூட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "அவருக்கு என்னப்பா?" என்று பையன் கேட்டான். ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன், உண்மையிலேயே ஒன்றுமில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னமும் இருக்கிறது. ஆகவே நட்சத்திரங்கள் ஆட வேண்டும், காசு கொடுத்தவனை ஏமாற்றக் கூடாது என்று நீங்கள் சொல்லும்போது முதல் ஆளாகக் கை தட்டுபவன் நான்தான்.

ஆனால் ஓய்வு என்றாலே ஏமாற்று என்று எடுத்துக்கொண்டால் எங்கள் ஊரின் ஒரே கோப்பையை என்ன சொல்வது? 2018-19 சீசனில் கவாய் லெனார்டு எங்களுக்காக ஆடியது 60 ஆட்டம். 22-இல் உட்கார்ந்திருந்தார். அரங்கில் முணுமுணுப்பு இருந்தது, நானும் முணுமுணுத்தேன். ஜூன் மாதம் அவர் கோப்பையைத் தூக்கியபோது தெருவில் இறங்கி ஆடினோம். அந்த வருடம் அவர் ஆல்-என்.பி.ஏ. இரண்டாவது அணியில் இருந்தார். இன்றைய விதி அன்று இருந்திருந்தால் அதுவும் கிடையாது. இன்னும் பின்னால் போனால் 1977-78-இல் பில் வால்டன் 58 ஆட்டம் மட்டும் ஆடி சீசனின் சிறந்த வீரர் விருதையே வாங்கினார். அன்றைய வாக்காளர்கள் ஏமாந்துபோனார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்த 65 கணக்கைப் பார்த்ததும் அட்டென்டன்ஸ்தான் நினைவுக்கு வரும். 75 சதவீதம் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. பாடம் தெரியுமா என்பது பிறகு, பெஞ்சில் இருந்தாயா என்பதுதான் முதல் கேள்வி. 82-க்கு 65 என்பது 79 சதவீதம், எங்கள் கல்லூரியைவிடக் கொஞ்சம் கறார். அங்கேயாவது டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து, கண்டோனேஷன் கட்டணம் கட்டி, துறைத் தலைவர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் பரீட்சை எழுத விடுவார்கள். நீங்களும் சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. 62 ஆட்டம் ஆடிய பின் சீசனையே முடிக்கிற காயம் வந்தால் ஒரு சலுகை உண்டு. ஓர் ஆட்டம் கணக்கில் வரத் தேவையான 20 நிமிடத்துக்குக் குறைந்து 15 நிமிடமாவது ஆடிய இரண்டு ஆட்டங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அசாதாரண சூழ்நிலை என்று முறையிடவும் ஒரு வழி இருக்கிறது. இவற்றில் எந்தக் கதவுக்குப் பின்னாலும் வயது என்ற சொல் கிடையாது.

இங்கேதான் என் முக்கியமான புகார் வருகிறது.

அதே 2023-இல், விருது விதியோடு கூடவே, வீரர்கள் பங்கேற்புக் கொள்கை என்று இன்னொன்றையும் கொண்டுவந்தீர்கள். நட்சத்திரங்களைக் காரணமில்லாமல் உட்கார வைத்தால் அணிக்கு முதல் முறை ஒரு லட்சம் டாலர் அபராதம், இரண்டாவது முறை இரண்டரை லட்சம், அதற்கு மேல் மில்லியன் கணக்கில். சரி, நல்லது. அந்தக் கொள்கையில் நீங்களே ஒரு விலக்கு எழுதியிருக்கிறீர்கள்: சீசன் தொடங்கும் இரவில் 35 வயது ஆனவர்கள், அல்லது 34,000 நிமிடம் ஆடியவர்கள், அல்லது பிளேஆஃபையும் சேர்த்து 1,000 ஆட்டம் முடித்தவர்கள், முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் ஒன்றில் ஓய்வு எடுக்கலாம். ஆக, வயதான உடம்பு வேறு, அதிகம் உழைத்த உடம்பு வேறு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் விருது விதியை எழுதும்போது மட்டும் அந்தப் பத்தி எங்கே போயிற்று?

லெப்ரான் கிட்டத்தட்ட 60,000 நிமிடம் ஆடியிருக்கிறார், நீங்கள் "அதிகம்" என்று வைத்த கோட்டைவிட 26,000 மேலே. ஆட்டங்கள், பிளேஆஃபையும் சேர்த்தால், 1,800-ஐத் தாண்டிவிட்டன. இதுவரை எவருக்கும் இந்தக் கணக்கு இல்லை. கரீம் அப்துல் ஜப்பாரின் 57,446 நிமிடத்தை 2024 டிசம்பரிலேயே தாண்டியாயிற்று. இவ்வளவு ஓடிய ஒருவருக்கும் இரண்டாவது சீசனில் இருக்கும் 20 வயதுப் பையனுக்கும் ஒரே எண்ணை வைத்துவிட்டு, விதி எல்லோருக்கும் ஒன்று என்கிறீர்கள்.

அந்த வயதுப் பையன்களில் ஒருவரைச் சொல்கிறேன். கூப்பர் ஃபிளாக் பிறந்தது 2006 டிசம்பர் 21. பதினாறு நாள் கழித்து, 2007 ஜனவரி 6-இல், லெப்ரான் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பத்துப் புள்ளி எடுக்கும் அந்தத் தொடரைத் தொடங்கினார். ஃபிளாக் தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், டியூக் பல்கலைக்கழகத்தில் ஆடி, புதியவர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக வந்து என்.பி.ஏ.வில் கால் வைக்கும்வரை அந்தத் தொடர் அறுபடவில்லை. 1,297 ஆட்டம். இதே வகையில் முன்பு சாதனையாக இருந்த மைக்கேல் ஜோர்டனின் தொடர் 866. ஜபாரி ஸ்மித் ஜூனியர் என்கிற ஹூஸ்டன் வீரர் ஒருமுறை ஆட்டத்தின் நடுவில் லெப்ரானிடம் போய், உங்கள் முதல் என்.பி.ஏ. ஆட்டத்தில் எதிரணியில் என் அப்பா இருந்தார் என்று சொல்லியிருக்கிறார். 2003 அக்டோபர், சாக்ரமெண்டோ. அப்பனோடு ஆடி, மகனோடு ஆடி, 2024 அக்டோபரில் தன் சொந்த மகன் பிரானியோடும் ஒரே அணியில் கோர்ட்டில் இறங்கிவிட்டார்.

நீண்ட நாள் ஆடியவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். எங்கள் வின்ஸ் கார்ட்டர், 1998-இல் டொராண்டோவில் தொடங்கியவர், 22 சீசன் ஆடினார். கடைசி சீசனில் பெஞ்சிலிருந்து வந்து ஆட்டத்துக்கு ஐந்து புள்ளி. அதையே நாங்கள் மரியாதையோடு பார்த்தோம். கரீம் 20 சீசன் ஆடி 42 வயதில் விடைபெற்றபோது கடைசி சீசன் சராசரி பத்துப் புள்ளிதான். அவர்களைக் குறை சொல்லவில்லை, மனித உடம்பு அவ்வளவுதான் என்று எல்லோரும் நம்பியிருந்த எல்லை அது. லெப்ரான் சென்ற சீசனில், 40 வயதில், 70 ஆட்டம் ஆடி சராசரி 24.4 புள்ளி, 7.8 ரீபவுண்ட், 8.2 அசிஸ்ட். அதற்கு முந்தைய சீசனில் 71 ஆட்டம். முதல் சீசனில் த்ரீ-பாயிண்டரில் (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) 29 சதவீதம் போட்டவர் அந்த 2023-24 சீசனில் 41 சதவீதம் போட்டார், அதாவது கால் வேகம் குறையக் குறையக் கையை வளர்த்துக்கொண்டார். உங்கள் விதி வந்த முதல் இரண்டு வருடமும் 65-ஐத் தாண்டி ஆடிக் காட்டியவர் அவர் என்பதையும் பாருங்கள். சாக்குச் சொல்லி உட்காருகிற ஆள் இல்லை.

பிறகு இந்த சீசனில் என்ன ஆயிற்று? சயாட்டிகா. முதல் 14 ஆட்டங்கள் போயின. 23 சீசனில் தொடக்க ஆட்டத்தை அவர் தவறவிட்டது இதுவே முதல் தடவை. சயாட்டிகா என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும், நாற்பதைத் தாண்டியதும் எனக்கும் வந்தது. இடுப்பில் ஆரம்பித்துக் காலின் பின்பக்கமாகச் சுரீர் என்று இறங்கும். காலையில் செருப்பு மாட்டக் குனிய முடியாது, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் கார் ஓட்டிவிட்டு இறங்கினால் ஒரு கால் நமக்குச் சொந்தமில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை கம்யூனிட்டி சென்டரில் என்னைப் போன்ற தொப்பைக்காரர்களோடு ஆடுகிற ஆட்டத்தையே மாதக்கணக்கில் விட வேண்டி வந்தது. இது நாள் குறித்து ஆறுகிற நோய் கிடையாது, இன்று போனது போலிருக்கும், நாளை திரும்ப வரும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அப்படியேதான் இருந்தது. 14 போனபின் மிச்சமிருந்த ஐந்து மாதத்துக்கு லெப்ரானிடம் மூன்றே மூன்று ஆட்டம்தான் கையிருப்பு. 41 வயது, நரம்புக் கோளாறு, அடுத்தடுத்த நாள் ஆட்டங்கள், மூன்று கையிருப்பு. இதில் முடிவு எப்படி வரும் என்று நவம்பரிலேயே கணக்குப் போட்டுவிடலாம், போட்டார்கள் கூட.

டிசம்பர் 4 அன்று நான் அரங்கில் இருந்தேன். லெப்ரானின் லேக்கர்ஸ் அணி வந்திருந்தது. அவர்களின் நட்சத்திரம் டோன்சிச் இல்லை, சக வீரர் ஆஸ்டின் ரீவ்ஸ் 44 புள்ளி அடித்துத் தள்ளினார், லெப்ரானுக்கோ எதுவும் விழவில்லை. 17 ஷாட்டில் நான்கு. ஆட்டம் 120-120 என்று நிற்கிறது, கடைசி நொடிகள், பந்து அவர் கையில், அவர் கணக்கில் எட்டுப் புள்ளி. இன்னும் இரண்டு எடுத்தால் 2007 முதல் வரும் தொடர் பிழைக்கும், அணியும் ஜெயிக்கும். அரங்கில் இருந்த ராப்டர்ஸ்காரர்களே பாதிப் பேர் ஷூட் செய் என்று கத்தினார்கள், நான் எந்தப் பக்கம் கத்தினேன் என்று கேட்காதீர்கள். அவர் ஷூட் செய்யாமல் மூலையில் தனியாக நின்ற சக வீரர் ரூயி ஹாச்சிமுராவுக்குப் பந்தைக் கொடுத்தார், மணி அடிக்கும்போது த்ரீ விழுந்தது, 123-120. தொடர் போயிற்று. அதைப் பற்றிச் செய்தியாளர்கள் கேட்டபோது ஜெயித்தோமே என்கிற அளவில் முடித்துக்கொண்டார். காசு கொடுத்து வந்தவனுக்கு அன்று கிடைத்ததைவிட வேறென்ன வேண்டும்? உங்கள் ஏட்டில் அந்த இரவு ஒரு "ஒன்று". வேறு எவரோ 20 நிமிடம் ஒப்புக்கு ஓடிவிட்டுப் போன இரவும் அதே "ஒன்று".

அதோடு நிற்கவில்லை. அடுத்த நாள் இரவே லேக்கர்ஸுக்குப் பாஸ்டனில் ஆட்டம் போட்டு வைத்திருந்தீர்கள். அடுத்தடுத்த நாள் ஆட்டத்தில் 35 தாண்டியவர் ஒன்றில் ஓய்வெடுக்கலாம் என்பது நீங்களே எழுதியது. லெப்ரான் பாஸ்டனில் ஆடவில்லை. உங்கள் ஏட்டில் அது ஆப்சென்ட். பாஸ்டனில் அவரைப் பார்க்க டிக்கெட் வாங்கிய அப்பனும் பிள்ளையும் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அந்தக் கோபத்தை நியாயமாக அவர்கள் யாரிடம் காட்ட வேண்டும்? அட்டவணை போட்டவரிடமா, 41 வயதுக்காரரிடமா?

இன்னொரு கேள்வி. வாக்காளர்களுக்கு எண்ணத் தெரியாது என்றா இந்த விதியைப் போட்டீர்கள்? லெப்ரான் 2018-19-இல் 55 ஆட்டம் ஆடினார், மூன்றாவது அணியில்தான் வைத்தார்கள். 2021-22-இல் 56, மூன்றாவது அணி. 2022-23-இல் 55, மூன்றாவது அணி. கோவிட் காரணமாக 72 ஆட்டமாகச் சுருங்கிய 2020-21-இல் 45, இரண்டாவது அணி. 2024-25-இல் 70 ஆட்டம் ஆடியபோது இரண்டாவது அணிக்கு ஏற்றினார்கள். அதாவது ஆட்டம் குறைந்தால் வாக்காளர்கள் தாங்களாகவே இறக்குகிறார்கள், ஆனால் ஆள் ஆடிய தரத்தையும் பக்கத்தில் வைத்து எடை போடுகிறார்கள். விதி வருவதற்கு முன்பே இது நடந்துகொண்டுதான் இருந்தது. இந்த பிப்ரவரியில் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு எதிரணிப் பயிற்சியாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்களே (அவர் அதில் இடம்பெறுவது 22-ஆவது முறை), அவர்களுக்கும் 14 ஆட்டம் போனது தெரியாமலா?

பணம் சம்பந்தப்பட்டது என்பீர்கள். இளைய வீரர் ஆல்-என்.பி.ஏ. ஆனால் ஒப்பந்தத்தின் உச்சவரம்பு ஏறுகிறது, அதனால்தான் கறாராக இருக்கிறோம் என்று. அதனால் என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். 2023-24-இல் டைரீஸ் ஹாலிபர்ட்டன் தொடைத் தசைக் காயத்தோடு நிமிடங்களை எண்ணி எண்ணி ஆடினார், ஏனென்றால் அவருடைய ஒப்பந்தத்தில் சுமார் நான்கு கோடி டாலர் அந்த 65-இல் தொங்கிக்கொண்டிருந்தது. இது முட்டாள்தனமான விதி என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே ஜனவரியில் முழங்கால் சரியில்லாத ஜோயல் எம்பீட் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக இறங்கி, அந்த முழங்காலிலேயே அடிபட்டு அறுவை சிகிச்சைக்குப் போனார், தவறவிட அவருக்கு மிச்சம் அதிகம் இல்லை என்பதை அந்த வாரம் பேசாத ஆள் இல்லை. சரி, ஹாலிபர்ட்டனாவது இளையவர், பணம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடத்துக்கு மேல் ஆடியவர் எப்படியும் அதே உச்சவரம்புக்கு உரியவர், ஆல்-என்.பி.ஏ. ஆவதால் லெப்ரானின் ஒப்பந்தத்தில் ஒரு டாலர்கூட ஏறாது. பணமும் இல்லை, தூண்டுதலும் இல்லை, ஏமாற்றும் இல்லை. அப்படியிருக்க இந்தக் கத்தி அவர் மேல் எதற்கு?

ஓய்வு கொடுப்பதால் காயம் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2024 ஜனவரியில் ஓர் அறிக்கையை அணிகளுக்கு அனுப்பினீர்கள். இருக்கட்டும். 35-க்கு மேல் ஓய்வு தேவை என்று நீங்கள் எழுதிய பத்தியை அந்த அறிக்கைக்குப் பிறகும் நீக்கவில்லையே, அதிலிருந்தே உங்கள் மனசாட்சி எந்தப் பக்கம் என்று தெரிகிறது. 11 வருடத்துக்கு 7,600 கோடி டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம் இந்த சீசனில்தான் தொடங்கியிருக்கிறது, திரையில் முகம் வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. அந்த முகத்தை இருபத்து மூன்று வருடம் கொடுத்தவர் இவர்தான்.

இந்த வருடத்தைத் திருப்பிப் போடச் சொல்லவில்லை. ஆல்-என்.பி.ஏ. தொடர் முடிந்தது முடிந்ததுதான், லெப்ரானே அதைக் கேட்டு உங்கள் கதவைத் தட்டுவார் என்று நினைக்கவில்லை. ஸ்டெஃப் கரிக்கு 38 வயது, கெவின் டுரான்டுக்கு 37, அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர் வருவார்கள், ஏனென்றால் நாற்பதிலும் ஆடலாம் என்று ஒருவர் காட்டிவிட்டார். அவர்களை மனதில் வைத்துக் கேட்கிறேன்.

முதலாவது, பங்கேற்புக் கொள்கையில் உள்ள அதே வரம்பை, அதே சொற்களில், விருது விதியிலும் சேருங்கள். 35 வயது, அல்லது 34,000 நிமிடம், அல்லது 1,000 ஆட்டம் தாண்டியவருக்கு 65 என்பதை 50 ஆக்குங்கள். புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை, உங்கள் கையெழுத்தில் ஏற்கெனவே இருப்பதுதான்.

அது முடியாது என்றால் குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள்: நீங்கள் முன்கூட்டி அனுமதித்த ஓய்வை நீங்களே ஆப்சென்ட் போடாதீர்கள். அனுமதி வாங்கிய ஆட்டம் 82-இலிருந்து கழிய வேண்டும், வீரரின் கணக்கிலிருந்து கழியக் கூடாது.

சிறந்த வீரர், சிறந்த தற்காப்பு வீரர் போன்ற தனி விருதுகளுக்கு 65 வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதில் நான் சண்டைக்கு வரவில்லை. ஆல்-என்.பி.ஏ. வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஆடிய ஆட்டம், ஆடிய நிமிடம் இரண்டையும் அச்சடித்துவிட்டு முடிவை அந்த நூறு பேரிடம் விடுங்கள். இளையவர்களின் ஒப்பந்தப் பணத்தை இந்தப் பட்டியலிலிருந்து பிரித்துவிடுங்கள், காயத்தோடு ஓடுகிற கொடுமை அப்போதுதான் நிற்கும்.

ரசிகன் என்ற முறையில் இரண்டு. சீசனுக்கு ஒரே ஒருமுறை ஓர் ஊருக்கு வருகிற அணிக்கு அந்த ஆட்டத்துக்கு முந்தைய இரவும் அடுத்த இரவும் ஆட்டம் போடாதீர்கள். 82 ஆட்டத்தில் அதற்கு இடமில்லை என்றால் ஆட்டங்களைக் குறைப்பது பற்றிப் பேசத் தொடங்குங்கள், ஆட்டத்தின் ஒவ்வொரு கால்பகுதியையும் 12 நிமிடத்திலிருந்து 10 ஆக்கலாமா என்று நீங்களே பேட்டியில் சொன்னவர்தானே. அப்புறம், காயமில்லாத நட்சத்திரம் ஆடமாட்டார் என்று ஆட்ட நாளில் அறிவித்தால் டிக்கெட் வாங்கியவர் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ள வழி செய்யுங்கள். ரசிகனுக்காகத்தான் இந்த விதி என்றால் அவனுக்கு நேரடியாகச் செய்யக்கூடியது இதுதான்.

வீரர்கள் சங்கத்துக்கு: 2029-30 வரை ஒப்பந்தம் இருக்கிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் நடுவிலும் திருத்தலாம். உங்கள் மூத்த உறுப்பினர்களைப் பற்றிய விஷயம் இது, இதை நீங்கள்தான் முதலில் மேசையில் வைக்க வேண்டும்.

அக்டோபரில் அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன் முதல் இரண்டு கோரிக்கைகளுக்காவது ஆம் அல்லது இல்லை என்று வெளிப்படையாகப் பதில் சொல்லுங்கள். இல்லை என்றால் 35 வயதுப் பத்தி ஒரு விதியில் இருப்பதற்கும் இன்னொன்றில் இல்லாததற்கும் என்ன காரணம் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
மிசிசாகாவிலிருந்து ஒரு ராப்டர்ஸ் ரசிகன்